மூலை கடிபட்ட ஹாலிக்

"இதைவிட மோசமா ஒண்ணு இருக்கா?" என்று கேட்டேன்.

மேசைக்குப் பின்னால் நின்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இருபது வருடமாக ஆட்டக்காரர் படம் போட்ட பழைய பேஸ்பால் அட்டை விற்கிறவர். இதைவிட நல்லதாக ஒன்று இருக்கிறதா என்று கேட்பவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். அவர் எடுத்துக் கொடுத்தது 1967-ஆம் வருடத்து 588-ஆம் எண் அட்டை. வெர்ன் ஹாலிக், டெட்ராய்ட் அணி. நான்கு மூலையும் கூராக, கறை இல்லாமல், சுருக்கம் இல்லாமல் இருந்தது. எனக்கு அது எதற்கு?

"மோசமான்னா எப்படிம்மா?"

"இடது பக்கம் கீழ் மூலைய நாய் கடிச்சிருக்கணும். ஹாலிக் தொப்பிக்கு மேல குண்டூசி ஓட்டை இருக்கணும். பின்பக்கம் பென்சில்ல எழுதியிருக்கணும்."

"அப்ப இதையே வாங்கிட்டுப் போங்க. மீதிய உங்க வீட்டு நாய் பாத்துக்கும்."

பக்கத்து மேசைக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மூன்று வாரத்தில் இது எனக்கு ஐந்தாவது சந்தை. தேவாலயக் கூடம், பழைய படைவீரர் மன்றம், விடுதியின் விருந்து அறை என்று எங்கள் ஊர் டொலீடோவைச் சுற்றி எங்கெல்லாம் மடக்கு மேசை போட்டு அட்டை விற்கிறார்களோ அங்கெல்லாம் போய் இதே கேள்வியைக் கேட்டு இதே சிரிப்பை வாங்கியிருக்கிறேன். என் பெயர் ரோஷெல் நோவாக், வயது அறுபத்தைந்து. முப்பத்தோரு வருடம் கண்ணாடித் தொழிற்சாலையில் கார் கண்ணாடிகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக் குறை கண்டுபிடித்தவள். கிண்டலுக்குப் பயந்து வீட்டுக்குத் திரும்புகிற ஆள் இல்லை.

நான் தேடுகிற அட்டை என்னுடையது. அதைத் தொலைத்த புண்ணியவதியும் நானே.

இதைச் சொல்ல வேண்டுமானால் என் அண்ணன் டென்னியைச் சொல்ல வேண்டும், அவனைச் சொல்ல ஹாலிக்கைச் சொல்ல வேண்டும். ஹாலிக் பெரிய ஆட்டக்காரர் ஒன்றும் இல்லை. ஐந்து தடவை மட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் ஒரு தடவை உருப்படியாக அடிப்பார். மீதி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிப்பார். அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கட்டுப்படியாகாது. குளிர்காலம் வந்தால் ஆளுக்கொரு வேலைக்குப் போய்விடுவார்கள். ஹாலிக் எங்கள் ஊரில் ஒரு ஷூ கடையில் நின்றார். டென்னியின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, அவன் காலைப் பிடித்து அளவுப் பலகையில் வைத்து, "அடுத்த வருஷமும் போடற மாதிரி கொஞ்சம் பெருசாவே தரேன், தம்பி" என்று சொல்லி மாட்டிவிட்டார். தொலைக்காட்சியில் வருகிற மனிதர் தன் காலைப் பிடித்தார் என்பதை டென்னி ஒரு வருடம் தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டவர்களிடமே மறுபடியும் சொன்னான்.

1967-இல் அவனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஒன்பது. அட்டைகள் பருவம் முழுக்கத் தொகுதி தொகுதியாக வரும், ஹாலிக்கின் அட்டை கடைசித் தொகுதியில்தான் வந்தது. ஆட்டப் பருவம் முடியப்போகிற நேரத்தில் வருகிற தொகுதி அது, கடைகளும் கொஞ்சமாகத்தான் வாங்கி வைக்கும். டென்னி கோடை முழுக்கப் பக்கத்து வீடுகளில் புல் வெட்டி, கிடைத்ததையெல்லாம் அட்டை வைத்து விற்கிற பபிள்கம் பொட்டலங்களில் போட்டான். கம் எனக்கு, அட்டை அவனுக்கு. எனக்குத் தாடை வலி கண்டதுதான் மிச்சம். செப்டம்பர் கடைசியில் ஒரு பொட்டலத்திலிருந்து ஹாலிக் வந்தார்.

அக்டோபரில் டென்னி அடித்த பந்து கார் கொட்டகைக் கூரையில் போய் உட்கார்ந்தது. "நீதான் எடை கம்மி, ஏறு" என்று என்னை ஏற்றிவிட்டான். பந்தோடு சேர்ந்து நானும் இறங்கினேன். இடது கை இரண்டு இடத்தில் ஒடிந்தது. எங்கள் அம்மாவின் மரக்கரண்டி யார் முதுகையும் மறக்காது என்பதால், ஊஞ்சலிலிருந்து விழுந்தேன் என்று நான் சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம் டென்னி என் கட்டில் பக்கம் வந்து ஹாலிக்கை என் மாவுக்கட்டின் மேல் வைத்தான்.

அட்டையின் பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தான். டென்னி எழுதுவதைப் பார்க்க வேண்டும். அழுத்துகிற அழுத்தத்தில் ஒரு வரிக்கு மூன்று முனை ஒடியும். "நீ எழுதறியா, உழுதுகிட்டிருக்கியா?" என்று அவன் ஆசிரியை கேட்பாராம். அவன் உழுதிருந்தது இதுதான்: ரோஷிக்கு. கை ஒடிந்ததற்காக. திருப்பிக் கேட்க மாட்டேன்.

எங்கள் தெருவில் அது சாதாரண வாக்கு இல்லை. அட்டை கை மாறினால் இரண்டு பேரும் உள்ளங்கையில் எச்சில் துப்பிக் கைகுலுக்க வேண்டும். அதன்பின் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறவனோடு அந்தத் தெருவில் ஒருவரும் அட்டை மாற்ற மாட்டார்கள். நாங்கள் என் நல்ல கையால் குலுக்கினோம். நான் ஹாலிக்கைக் கட்டிலுக்கு மேல் சுவரில் குண்டூசியால் குத்தி வைத்தேன். அடுத்த வசந்தத்தில் ஊசி கழன்று கீழே விழுந்த ஹாலிக்கை எங்கள் நாய் பிக்கிள்ஸ் ருசி பார்த்தது.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அங்கேதான். டென்னிக்கு ஹாலிக்கைத் தவிர யாரும் வேண்டியிருக்கவில்லை, எனக்கு எல்லாரும் வேண்டியிருந்தார்கள். கல்யாணமாகி, வேலைக்குப் போய், கையில் காசு புரண்டதும் 1967-ஆம் வருடத்து அட்டைகள் அறுநூற்றுச் சொச்சத்தையும் சேர்க்க ஆரம்பித்தேன். நுழைவுச்சீட்டுத் துண்டுகள், கையெழுத்துப் போட்ட பந்துகள், இடிக்கப்பட்ட மைதானத்திலிருந்து வாங்கிய ஒரு பச்சை மர நாற்காலி என்று வீடு நிறைந்தது. என் வீட்டுக்காரர் சாகிறவரை அந்த நாற்காலியில் உட்கார என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை. இப்போது நினைத்தால் கொடுத்திருக்கலாம் என்று இருக்கிறது.

முழுத் தொகுதி சேர்க்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எண் ஒன்றிலிருந்து கடைசிவரை சேர்த்து முடித்ததும் நிம்மதியாக உட்கார மாட்டோம். இந்த மூலை மழுங்கல், அந்த ஓரம் மஞ்சள் என்று ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பிப்போம். அட்டை செருகி வைக்கிற கோப்பில் ஒரு பிளாஸ்டிக் பக்கத்துக்கு ஒன்பது பை. புதிதாக வாங்கிய நல்ல அட்டையைப் பையில் முன்னால் வைப்போம். பழையதை அதே பையில் பின்னால் தள்ளிவிடுவோம், யாருக்காவது மாற்றிக்கொடுக்க உதவும் என்று. நான் ஹாலிக்குக்கும் அப்படித்தான் செய்தேன். கூர் மூலை ஹாலிக் முன்னால், டென்னியின் ஹாலிக் பின்னால். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் அப்படி வைத்தேன், சத்தியமாக.

93-இல் கோப்பு உப்பிப்போய் மூட முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பின்னால் இருந்தவற்றையெல்லாம் விரலை விட்டு உருவி உருவி மூன்று ஷூ டப்பாவில் போட்டு, மெர்ல் டாடிச் என்ற வியாபாரியிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டேன். வானொலியில் ஆட்ட வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. கை மட்டும்தான் வேலை செய்தது. தொழிற்சாலையில் மயிரிழைக் கீறலைக்கூடத் தப்பவிடாத கண், அன்றைக்கு ஒரு அட்டையையும் பார்க்கவில்லை.

டென்னியின் ஹாலிக்கும் அந்த டப்பாவில் போனது முப்பது வருடம் எனக்குத் தெரியவே தெரியாது. மூன்று வாரத்துக்கு முன்னால் டென்னி தொலைபேசியில் கூப்பிட்டான்.

"ரோஷி, ஒன்பதாந்தேதி வியாழக்கிழமை என் நெஞ்சத் தொறக்கறாங்க. மூணு அடைப்பாம். ஒரு வால்வும் போச்சாம்."

"இப்பல்லாம் அது பல்லு புடுங்கற மாதிரி டென்னி."

"உன் பல்லப் புடுங்கறப்ப நானும் இதே ஆறுதல் சொல்றேன். அத விடு. ஹாலிக் உன்கிட்டதான இருக்கான்?"

"இருக்காரு. எங்க போயிடப் போறாரு?"

"எடுத்துட்டு வந்து குடு. எனக்கு வேணும்."

"திருப்பிக் கேக்க மாட்டேன்னு எச்சி துப்பிக் கை குடுத்தியே! எழுதியும் குடுத்தியே!"

"எழுதினதக் கடைசிவரைக்கும் படிச்சுப் பாரு. அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டான்.

நான் போய்க் கோப்பைத் திறந்தேன். 588-ஆம் எண் பையில் ஹாலிக் பளபளவென்று சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் எழுதியதில் மூன்று வாக்கியம்தான் என் நினைவில் இருந்தது. அதற்கப்புறமும் ஏதோ எழுதியிருக்கிறான், அது என்னவென்று எனக்கு மறந்துபோய்விட்டது. ஒன்பதாம் தேதிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நெஞ்சைத் திறக்கப் போகிறவனிடம், உன் ஹாலிக்கைக் குப்பையோடு குப்பையாகக் கொடுத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? அட்டை உலகத்தில் எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும். தேடிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மெர்ல் டாடிச்சின் கடை இருந்த இடத்தில் இப்போது நகச்சாயம் பூசுகிறார்கள். அவர் எங்கே போனார் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான் சந்தை சந்தையாக அலைச்சல். ஐந்தாவது சந்தையில், நாயிடம் கொடுக்கச் சொன்ன அந்த வியாபாரியிடம் நான் முழுக் கதையையும் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"மெர்லா? ஃப்ரீமான்ட்ல மக வீட்ல இருக்காரும்மா. போன வாரம்கூடப் பாத்தேன். மொதல்லயே அவர் பேரச் சொல்லியிருக்கலாமே!"

"நீங்க எங்க சொல்ல விட்டீங்க?"

அங்கிருந்து நேராக ஃப்ரீமான்ட் போனேன். மெர்ல் மகள் வீட்டுக் கார் கொட்டகையில் உட்கார்ந்து தூண்டில் முட்களை ரகம் பிரித்துக்கொண்டிருந்தார். எண்பத்தாறு வயது. என்னைப் பார்த்ததும், "நோவாக். தொண்ணூத்தி மூணு. மூணு ஷூ டப்பா" என்றார்.

"எப்படி மெர்ல் ஞாபகம் இருக்கு?"

"காலைல என்ன தின்னேன்னு கேட்டா மகளத்தான் கூப்பிடணும். அட்டை மட்டும் மறக்காது. நல்லதையெல்லாம் எடுத்துகிட்டு மிச்சத்த ஓர்வில் ஸ்டானெக்குக்குத் தள்ளிட்டேன். மட்டமான அட்டைன்னா அவன்தான் வாங்குவான்."

"அவர் இன்னும் வச்சிருப்பாரா?"

"ஓர்வில் எதையும் தூக்கிப் போட மாட்டான். விக்கவும் தெரியாது. சந்தைக்கு வரதே சாப்பாட்டுக்குத்தான். நாளைக்கு மன்ரோல போலந்துக்காரங்க மன்றத்துல இருப்பான். சமையல்கட்டுக்குப் பக்கத்து மேசையப் பாருங்க."

சமையல்கட்டுக்குப் பக்கத்து மேசையில் ஓர்வில் ஸ்டானெக் இருந்தார். பெரிய சரீரம், சிவப்புத் தோள்வார், ஒரு கையில் சாசேஜும் புளித்த முட்டைக்கோஸும் வைத்த ரொட்டி. அட்டையைத் தொடுகிற மறு கை மட்டும் மருத்துவர் கை போலச் சுத்தமாக இருந்தது. 1967-ஆம் வருடத்து டெட்ராய்ட் ஆட்டக்காரர்கள் எல்லாம் இரண்டு நீளப் பெட்டியில் இருந்தார்கள். எண் வரிசை கிடையாது, பெயர் வரிசையும் கிடையாது.

"ஹாலிக்கா?" என்றார் ஓர்வில். "அவன யாரும் கேக்கறதில்ல. அதனால நெறைய இருக்கான். நீங்களே தேடிக்கங்க. நாற்காலி ஒண்ணுதான், அது எனக்கு. மூணு மணிக்கு மூட்டை கட்டிடுவேன்."

மணி ஒன்று ஆகிக்கொண்டிருந்தது. நின்றபடியே தேடினேன். முதல் பெட்டியில் ஐந்து ஹாலிக். ஒருவருக்குக் காபிக் கறை, ஒருவருக்கு யாரோ மீசை வரைந்திருந்தார்கள், ஒருவர் இரண்டாகக் கிழிந்து ஒட்டுப்போட்டிருந்தார். இரண்டாவது பெட்டியின் பாதியில் முட்டி விட்டுப்போனது. மூன்று மணிக்குச் சொன்னபடி ஓர்வில் எழுந்து மேசைவிரிப்பை மடிக்க ஆரம்பித்தார். நான் பெட்டியின் மேல் கையை வைத்தேன்.

"இந்தப் பெட்டி முடியாம நான் நகர மாட்டேன். அவசரம்னா என்னையும் சேத்து மடிச்சு வண்டில ஏத்துங்க."

"உங்கள ஏத்தினா வண்டி இழுக்காதும்மா."

"உங்கள இழுக்குது இல்ல?"

அவர் தொப்பை குலுங்கச் சிரித்துவிட்டு, இன்னொரு ரொட்டி வாங்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் என் விரலில் ஒரு மொட்டை மூலை தட்டியது. எடுத்தேன். இடது கீழ் மூலையில் பிக்கிள்ஸின் பல். தொப்பிக்கு மேலே குண்டூசி ஓட்டை. என் ஹாலிக். திருப்பினேன்.

பின்பக்கம் ஒன்றுமே இல்லை. அச்சடித்த புள்ளிவிவரங்கள், அவற்றின் கீழே வெற்றிடம், துடைத்து வைத்த மாதிரி.

"இதுல எழுதியிருந்துது" என்றேன். "பென்சில்ல எழுதியிருந்துது."

"இருந்திருக்கும்" என்றார் ஓர்வில், பெருமையோடு. "பொடிசுங்க எல்லா அட்டையிலயும் கிறுக்கி வச்சிருக்குங்க. குளிர்காலம் பூரா எனக்கு அதான வேலை. டிவி முன்னாடி உக்காந்து ஒவ்வொண்ணா அழிச்சிடுவேன். வெள்ளை ரப்பர்தான் போடணும், மெதுவா, ஒரே பக்கமாத் தேய்க்கணும். பாருங்க, பேப்பர் கொஞ்சமாவது உரிஞ்சிருக்கா?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அறுபத்தைந்து வயதில் நான் ஒரு பொது இடத்தில் அப்படிக் கத்தியதில்லை. "அது கிறுக்கல் இல்ல! எங்கண்ணன் எனக்கு எழுதிக் குடுத்தது! வியாழக்கிழமை அவனுக்கு நெஞ்சத் தொறக்கறாங்க. அவன் என்ன எழுதினான்னு படிக்கச் சொன்னான், அத நீங்க டிவி பாத்துகிட்டே தேச்சு எடுத்துட்டீங்க!"

சமையல்கட்டிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஓர்வில் ரொட்டியைக் கீழே வைத்தார். பெரிய முகம் சுருங்கிப்போயிற்று.

"முப்பது வருஷத்துல யாரும் குறை சொன்னதில்லம்மா" என்றார். பிறகு, "அட்டை உங்களுதா?" என்றார். பிறகு தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

உட்கார்ந்தேன். அவரைத் திட்ட எனக்கு என்ன தகுதி? அவர் எழுத்தைத்தான் அழித்தார், நான் அட்டையையே தூக்கிக் கொடுத்தேன். அவரும் நானும் ஒரே வியாதிக்காரர்கள். நல்லதாக்குகிறேன் என்று கை வைத்துக் கெடுத்தவர்கள்.

அப்படி யோசித்துக்கொண்டே என் கை பாட்டுக்குப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்துவிட்டது. அட்டை கைக்கு வந்தால் டார்ச் அடிப்பது எனக்குப் பழக்கம். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்து அட்டையைச் சாய்த்தால் மறைத்து வைத்த மடிப்பு, அமுக்கின தடம் எல்லாம் தெரிந்துவிடும். எத்தனை வியாபாரிகளிடம் இந்த டார்ச்சைக் காட்டி விலை குறைத்திருக்கிறேன்! இப்போதும் கை தானாகச் சாய்த்தது.

வெற்றிடத்தில் கோடுகள் எழுந்தன.

நிறம் இல்லை, பள்ளம் மட்டும். பென்சில் போயிருந்தது, டென்னி அழுத்திய அழுத்தம் போகவில்லை. உழுத மாதிரியே இருந்தது. ரோஷிக்கு. இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். கை ஒடிந்ததற்காக. திருப்பிக் கேட்க மாட்டேன். அதோடு இடம் முடிந்துபோய், ஓரத்து விளிம்பில் செங்குத்தாக இன்னும் ஏதோ ஒரு சொல். எனக்குக் கண் மறைத்துவிட்டது, கண்ணீர்தான்.

"இதுல என்ன இருக்கு? எனக்குத் தெரியல. நீங்க படிங்க."

ஓர்வில் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு என் தோளுக்கு மேல் குனிந்தார். மூச்சில் முட்டைக்கோஸ் வாசம். ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு சொல்லத் தயங்கினார்.

"'சாகும்வரை'ன்னு இருக்கும்மா."

சாகும்வரை திருப்பிக் கேட்க மாட்டேன். இப்போது கேட்டிருக்கிறான். அவன் வாக்கு மாறவில்லை. வியாழக்கிழமையோடு எல்லாம் முடிந்தது என்று முடிவு கட்டிவிட்டான், அவ்வளவுதான். அதை வாயால் சொல்லத் தைரியம் இல்லாமல் பன்னிரண்டு வயதில் எழுதியதைப் படிக்கச் சொல்லியிருக்கிறான். எனக்கு முதலில் அழுகை வந்தது. அழுது முடிந்ததும் கோபம் வந்தது. கோபம் வந்த பிறகுதான் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தது.

ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டுவந்திருந்த என் கூர் மூலை ஹாலிக்கை உறையோடு ஓர்வில் முன்னால் வைத்தேன்.

"இது உங்களுக்கு. அது எனக்கு."

"உங்களுக்கு மூளை பிசகிடுச்சா? இதக் குடுத்தா அது மாதிரி நாப்பது வாங்கலாம். சும்மா எடுத்துட்டுப் போங்கம்மா, நான் பண்ணின வேலைக்கு."

"சும்மா வேணாம். மாத்திக்கறோம். ஒருதரம் மாத்தினா திருப்பிக் கேக்கக் கூடாது." உள்ளங்கையில் எச்சில் துப்பி நீட்டினேன்.

ஓர்வில் என் கையைப் பார்த்தார். தன் சுத்தமான கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அதில் துப்பி, என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

புதன்கிழமை பிற்பகல் மருத்துவமனைக்குப் போனேன். டென்னி தலையணை மேல் சாய்ந்திருந்தான். போன கிறிஸ்துமஸுக்குப் பார்த்ததில் பாதிதான் இருந்தான். கை ஒரு நிலையில் நிற்கவில்லை. நான் உள்ளே நுழைந்ததுமே அந்தக் கையை நீட்டினான்.

"கொண்டாந்தியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். பை, ஷூ டப்பா, மெர்ல், ஓர்வில், ரப்பர். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான், அதுவே அவன் வழக்கம் இல்லை.

"ஆக, என்னைய வித்துத் தின்னுட்ட."

"தெரிஞ்சு செய்யல டென்னி."

"கண்ணாடில குறை கண்டுபிடிக்கறவளாம்! அம்மா இருந்திருந்தா மரக்கரண்டி உனக்குத்தான்." அவன் கண் அட்டையிலேயே இருந்தது. "சரி, படிச்சியா? கடைசிவரைக்கும்?"

"படிச்சேன்."

"அப்ப குடு."

அட்டையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "குடுக்க மாட்டேன்."

"என்னடி?"

"சாகும்வரை கேக்க மாட்டேன்னு எழுதியிருக்க. நீ செத்தியா?"

"நாளைக்கு..."

"நாளைக்கு கதை எனக்கு வேணாம். இன்னிக்கு நீ உசுரோட இருக்க. உசுரோட இருக்கறவன் கேக்க முடியாது. எழுதிக் குடுத்தது எழுதிக் குடுத்ததுதான். தெருவுல யார வேணா கேளு."

டென்னி சிரிக்க ஆரம்பித்தான். தலைமாட்டில் இருந்த கருவி கீச்சிட்டது, செவிலி ஓடி வந்து எட்டிப் பார்த்து, இரண்டு கிழங்களும் சிரிப்பதைக் கண்டு முறைத்துவிட்டுப் போனாள். அவன் சிரிப்பு அடங்கியபோது கன்னம் நனைந்திருந்தது.

"பயமா இருக்குடி, ரோஷி."

"எனக்கும்தான்."

"ஆனா ஹாலிக்கக் குடுக்க மாட்ட."

"மாட்டேன். நீ உக்காரு. இன்னொரு வேலை இருக்கு."

பையிலிருந்து மஞ்சள் பென்சிலையும் ஷார்ப்னரையும் எடுத்தேன். சாப்பாட்டுப் பலகையை அவன் மடிக்கு மேல் இழுத்து, அட்டையைக் கவிழ்த்து வைத்து, பக்கத்திலிருந்து டார்ச் அடித்தேன். "அழிஞ்சு போச்சு. திரும்ப எழுது."

அவன் கையைப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை இல்லை. கரண்டிகூடப் பிடிக்காத கை. பென்சில் முனை அட்டையின் மேல் அங்குமிங்கும் அலைந்தது. பிறகு பள்ளத்தில் இறங்கியது. இறங்கியதும் நடுக்கம் நின்றது. பன்னிரண்டு வயதில் அவன் உழுத தடம் அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது. ரோஷிக்கு. முனை ஒடிந்தது, சீவிக் கொடுத்தேன். கை ஒடிந்ததற்காக. மறுபடி ஒடிந்தது, மறுபடி சீவினேன். திருப்பிக் கேட்க மாட்டேன். வியர்த்துவிட்டது அவனுக்கு.

அட்டையைத் திருப்பி விளிம்புக்குப் போகும்போது செவிலி சக்கர நாற்காலியோடு வந்துவிட்டாள், ஏதோ பரிசோதனை என்று.

"இன்னும் ஒரு வார்த்தை பாக்கி" என்றான் டென்னி.

"அத வெள்ளிக்கிழமை எழுதலாம்."

"வெள்ளிக்கிழமை நான்..."

"வெள்ளிக்கிழமை எழுதற. நான் பென்சில் கொண்டு வரேன்."

வியாழக்கிழமை ஏழு மணி நேரம் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தேன். அட்டை என் பையில் இருந்தது. ஒரு தடவைகூட வெளியே எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த அத்தனை அட்டை எண்களையும் அத்தனை பெயர்களையும் ஒன்றிலிருந்து வரிசையாக மனதுக்குள் சொன்னேன். 588 வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். எட்டாவது சுற்றில் மருத்துவர் வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் முகக்கவசத்தைக் கழற்றி, முதலில் சிரித்தார், பிறகுதான் பேசினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உள்ளே விட்டார்கள். டென்னியின் உதடு வெடித்திருந்தது, மூக்கில் குழாய், உடம்பெல்லாம் வயர். கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினான். அட்டையை அவன் கைக்கடியில் ஒரு புத்தகத்தின் மேல் வைத்து, சீவிய பென்சிலை விரலிடுக்கில் செருகினேன்.

அவன் விளிம்புக்குப் பென்சிலைக் கொண்டுபோனான். முனையைப் பள்ளத்தில் வைத்தான். அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு எடுத்து என்னிடம் நீட்டினான்.

"அது அப்படியே இருக்கட்டும்" என்றான், காற்றுக் குரலில். "அத எழுத இப்ப என்ன அவசரம்?"

பென்சிலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.